வளர்மதி கடையில் நீலம் வந்த நாள்

பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் போனால் வருகிற அந்தக் குப்பத்தில், "நீலம் வந்துட்ச்சி" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் விளக்கம் கேட்க மாட்டார். வளர்மதி கடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, இன்றைக்கு வேலை ஆகாது, வீட்டுக்குப் போகலாம் என்று அதற்குப் பொருள். மூன்று வருடமாக ஊரில் இந்தப் பேச்சு புழங்கியது. அந்த நீலத்தை வரவழைத்தது வளர்மதியின் வலது கை என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

மீன் ஏலக் கூடத்தை ஒட்டி ஒரே ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கிற கருவி, சுவரோரம் ஒரு பெஞ்சு, வெளியே இ-சேவை மையம் என்று ஒரு பலகை. வளர்மதி பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் பி.காம் முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி பார்த்தாள். சுபாஷைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபின் கடையைப் போட்டாள். முப்பத்து நான்கு வயதில் ஊரின் இருநூற்றுச் சொச்சம் வீடுகளின் ஆதார் எண்ணும் அவள் கைவசம் இருந்தது. பாஸ்வேர்டும் இருந்தது. யாருக்கு எந்த விண்ணப்பம் போட்டாலும் ஒரு பாஸ்வேர்டை அவளே வைத்து, சிவப்பு அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள். "எங்களுக்கு எதுக்கும்மா அது, நீயே வெச்சிக்கோ" என்று வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுபோல் போய்விடுவார்கள்.

எல்லாம் சரி. இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு வராது.

வருகிறவர்கள் அத்தனை பேரும் உறவு. சுபாஷுக்குப் பங்காளி, அல்லது மாமன் மச்சான் முறை. ஒரு தடவை, "சாப்ட்டு வந்துடறேன், அரை மணி நேரம் கழிச்சி வாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். சுபாஷுக்குப் பெரியம்மா முறையாகிற ஜமுனா எழுந்து நேரே ஏலக் கூடத்துக்குப் போனாள். "மருமவளுக்குப் பசி வந்துட்ச்சாம், நமக்கெல்லாம் வயிறு கெடையாது" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாள். அந்தப் பேச்சு மூன்று மாதம் ஓடியது. அதன்பின் வளர்மதி மூன்று மணிக்கு, நான்கு மணிக்குச் சாப்பிட்டாள். சில நாள் சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் அவள் சித்தி மகன் முரளி வந்தான். மீஞ்சூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு, போகிற போக்கில் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிவிட்டுப் போனான். மறுநாள் அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ பெரிய சாவுச் சேதி. கீழே நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் திரை கறுத்து, திரும்பவும் உயிர் வருவதுபோல் பாவனை காட்டி, வேறொரு தினுசில் செத்தது. உலகத்தில் கம்ப்யூட்டர்கள் எத்தனை விதமாகச் செத்திருக்கின்றனவோ அத்தனையையும் ஒவ்வொன்றாக நடித்துக் காட்டியது.

"இன்னாடா பண்ணித் தொலைச்ச? ஊர் ஃபார்ம் மொத்தமும் உள்ளதாண்டா கீது" என்று போனில் அழாத குறையாகக் கேட்டாள்.

"எதனா ஒரு கீயத் தட்டுக்கா."

தட்டினாள். நீலம் மறைந்து, பாதி நிரப்பிய வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் விட்ட இடத்தில் அப்படியே நின்றது.

"ஸ்கிரீன் சேவர்க்கா. சும்மா டமாசுக்கு. மவுஸ கீழ வலது மூலைக்குத் தள்னா உடனே வரும்."

"கையில சிக்குடா, உனக்குக் கீது."

அழித்துவிடத்தான் நினைத்தாள். அதற்குள் சம்பந்தம் வந்துவிட்டார். தெருக்குழாயைப் பற்றித் தினம் ஒரு மனு தட்டச்சு செய்யச் சொல்கிறவர். மனுவில் கமா எங்கே வரவேண்டும் என்பது வரைக்கும் பக்கத்தில் நின்று சொல்வார். அன்றைக்கு மூன்றாவது பக்கத்தில் வளர்மதிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை தானாக மூலைக்குப் போனது. நீலம் வந்தது. சம்பந்தம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையை வெகு நேரம் பார்த்தார்.

"மிஷினும் மனுஷன் மாரிதாம்மா. ஓயாம வேல வாங்கினா மயக்கம் போட்டுடும். கொஞ்சம் படுக்க விடு" என்று அதற்காக இரங்கிவிட்டுப் போனார்.

வளர்மதி அன்றைக்கு ஒரு மணிக்குச் சாப்பிட்டாள்.

ஊர் அந்த நீலத்தை ஏற்றுக்கொண்ட விதம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேறு ஊராக இருந்தால் எப்போது சரியாகும், யாரைக் கூப்பிட வேண்டும், வேறு வழி உண்டா என்று பத்துக் கேள்வி வந்திருக்கும். இவர்கள் ஏரியிலும் கடலிலும் பிழைக்கிறவர்கள். காற்று எதிர்த்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பிவிட வேண்டும். காற்றிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை. கம்ப்யூட்டரிலும் ஒரு காற்று அடிக்கிறது, அதன் பெயர் நீலம் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஒரு முகச்சுளிப்புகூட இல்லாமல் எழுந்து போனார்கள். மனிதர் மறுத்தால் மூன்று மாதத்துக்குப் பேச்சு. மிஷின் மறுத்தால் ஒன்றுமில்லை.

நிஜம் தெரிந்த ஒரே ஆள் நிவேதா. உலகநாதனின் மகள். உலகநாதன் சுபாஷுக்குச் சித்தப்பா முறை. ஆகவே வளர்மதிக்கு அவர் மாமா, அவர் மனைவி அங்காளம்மாள் அத்தை, நிவேதா நாத்தனார். பள்ளிக்கூட லீவில் அவள் கடையில் வந்து உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுப்பாள். ஒரு நாள் வளர்மதி சிரித்துக்கொண்டே அந்த மூலை வித்தையை அவளுக்குக் காட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "யார்கிட்டயும் மூச்சு விடாதடி" என்றாள் வளர்மதி. நிவேதா விடவில்லை.

பிளஸ் டூவில் நிவேதா நல்ல மார்க் வாங்கினாள். அரசாங்கக் கல்லூரியில் நர்சிங் சேர விண்ணப்பம் போட்டதும் வளர்மதிதான். தரவரிசையில் பேர் வந்தது. இனி எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று இணையத்தில் வரிசைப்படுத்தி, பிறகு மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். அதற்கு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. பூட்டுவதற்கு முன்னால் உலகநாதனின் பட்டன் போனுக்கு ஓர் எண் வரும், அதையும் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்தது என்று பள்ளிக்கூட டீச்சர் பார்த்துத் திருத்தித்தர ஒரு வாரம் ஆகிவிட்டது. கடைசி நாளன்றுதான் அங்காளம்மாளும் நிவேதாவும் தாளோடு வளர்மதி கடைக்குக் கிளம்பினார்கள்.

அந்த வியாழக்கிழமை உலகநாதனுக்குப் பாட்டு நாள். ஏரியில் இறால் படுகிற இடங்களை இந்த ஊர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் முறை, நாளை அடுத்தவர் முறை. முறை நாளில் வலை போடாதவருக்கு அடுத்த சுற்று வரைக்கும் அந்த இடம் இல்லை. காய்ச்சலோடுகூடப் போவார்களே தவிர, பாட்டு நாளை யாரும் விடுவதில்லை. உலகநாதன் விட்டார். போனை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை, ஏரி நடுவில் சிக்னலும் எடுக்காது. எண் வந்து, அது தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு இரண்டு நாள் முன்னால் ஊர்க் கூட்டத்தில் ஒரு சண்டை. சுபாஷ் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் பாட்டுப் பட்டியலில் அவன் பேர் இருந்தது. "ஏரில கால் வெக்காதவனுக்கு முறை எதுக்கு?" என்று உலகநாதன் கேட்டுவிட்டார். "எங்க நைனா வழில வந்த பேர எடுக்க நீ யாரு சித்தப்பா?" என்று சுபாஷ் எகிறினான். இரண்டு பக்கமும் ஆள் பிடித்து விலக்கினார்கள். வளர்மதி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றுக்கு ஒரு தடவை யாராவது இரண்டு பேர் இப்படி எகிறுவதும், பத்து நாளில் ஒன்றாக டீ குடிப்பதும் அவள் பார்த்ததுதான்.

வியாழக்கிழமை காலை எட்டரையிலிருந்து கடையில் கூட்டம். மீனவர் அட்டையோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கைரேகை விழவில்லை; வலை இழுத்துத் தேய்ந்த விரல்கள். ஒவ்வொருவர் விரலையும் துணியால் துடைத்து, அழுத்தி, திரும்பத் துடைத்து, ஒன்றரை மணி ஆனபோது வளர்மதியின் வயிற்றில் காலை டீ மட்டும்தான் இருந்தது. வீட்டில் நெத்திலிக் குழம்பு. கண்ணை மூடினால் அதன் வாசனை வந்தது. கதவருகே இன்னும் நான்கைந்து பேர் உள்ளே நுழைந்து நிற்பது தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. மவுஸை மூலைக்குத் தள்ளினாள்.

"நீலம் வந்துட்ச்சி" என்று முன்பெஞ்சில் ஒரு குரல் சொன்னது. வாசல் வரைக்கும் அது கைமாறிப் போனது.

"நாளைக்கு வாங்கப்பா" என்றாள் வளர்மதி, திரையைப் பார்த்தபடியே.

ஐந்து நிமிடத்தில் கடை காலி. பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில், கரையேற்றியிருந்த படகின் நிழலில் உலகநாதன் உட்கார்ந்திருந்தார். கையில் போன். பாட்டு நாளில் மாமா வெள்ளைச் சட்டையோடு கரையில் என்ன செய்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அன்றுதான் நிவேதாவுக்குக் கடைசி நாள் என்பது காலைக் கூட்டத்தில் நினைவிலேயே இல்லை. தோன்றிய கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. கூட்டத்துச் சண்டைக்குப் பிறகு அவரிடம் முதலில் பேசுவது தானாக இருக்க வேண்டாம் என்றும் கொஞ்சம் இருந்தது, பசியும் இருந்தது. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டரைக்குத் திரும்பி வந்து, வழக்கம்போல் நீலத்தைத் தட்டி எழுப்பி, ஏழு மணி வரைக்கும் வேலை பார்த்தாள்.

மறுநாள் காலை அங்காளம்மாள் ஒரு பையில் நண்டு கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தாள். கடைக்கு வரும்போதெல்லாம் அவள் வெறுங்கையோடு வந்ததில்லை. பின்னால் நிவேதா.

"இதப் பாரு வளரு, எதனா பண்ண முடியுமான்னு. நேத்து இங்க நீலம் வந்துட்ச்சா, நாங்க ஆட்டோ புட்ச்சி பழவேற்காடு போனோம். அங்க கடைல இருந்த புள்ள பாஸ்வேர்டு இன்னான்னு கேட்டுது. இவ பொறந்த தேதி போட்டா, படகு நம்பரு போட்டா, அவங்கப்பா பேரு போட்டா. மூணு தபா தப்பானா பூட்டிக்குமாமே. பூட்டிக்கிச்சி. பாத்துட்டே இருக்கோம், அஞ்சு மணி ஆயிட்ச்சி."

வளர்மதி கையிலிருந்த மவுஸை விட்டாள். "எனக்கு ஒரு போன் பண்ணி இருக்கலாமே அத்தே."

"இவ பண்ணாளே. நீ எடுக்கலன்னா."

வளர்மதி போனை எடுத்துப் பார்த்தாள். நேற்று மதியத்துக்குப் பிறகு நிவேதாவிடமிருந்து அழைப்பு எதுவும் இல்லை. நிவேதாவைப் பார்த்தாள். அவள் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளத்தைத் திறந்தால் பதிவுக் காலம் முடிந்தது என்று ஒரே வரி. உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, ஒன்றும் செய்வதற்கில்லை, அடுத்த வருடம் போடுங்கள் என்றாள். அவர்கள் போன பிறகு வளர்மதி சிவப்பு நோட்டைப் புரட்டினாள். நிவேதாவின் பேரோடு நர்ஸ் என்று சேர்த்து, கடைசியில் ஒன்று என்று ஓர் எண். ஜூலையில் ஆசையாக அவளே வைத்த பாஸ்வேர்டு. பிறந்த தேதியும் படகு நம்பரும் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்.

அன்றைக்கே அந்த ஸ்கிரீன் சேவரை அழித்தாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றே மூன்று மாதம் போனது. அங்காளம்மாள் அவ்வப்போது வந்தாள், நண்டோ இறாலோ வைத்தாள். "அவ நேரம், அன்னிக்கின்னு பாத்து அட்ச்சிது" என்று காற்றைச் சொல்வதுபோல் சொன்னாள். அந்த நண்டு வளர்மதிக்கு இறங்கவில்லை. சுபாஷ் மட்டும் சாப்பிட்டான். உலகநாதனும் அவனும் எப்போதோ பேசத் தொடங்கியிருந்தார்கள். நிவேதா மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். காலை ஐந்தே முக்காலுக்கு வேன் வரும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம், நிவேதா கடைக்கு வந்தாள். பி.எஃப். கணக்கில் பேரில் ஓர் எழுத்துப் பிழை, திருத்த வேண்டும். வளர்மதி பாதி தட்டச்சு செய்திருப்பாள். திரை ஒரு முறை துடித்து, நீலமானது.

நிவேதா குடையை எடுத்துக்கொண்டாள். "சரிண்ணி. நான் பஜார்ல பண்ணிக்கறேன்."

"ஏய், உக்காருடி. இது நெஜம்."

"இருக்கட்டும்ணி."

"நெஜமாத்தாண்டி. அத எப்பவோ அழிச்சிட்டேன். பாரு, எதத் தட்டினாலும் போவல." வளர்மதி கீ போர்டை அறைகிறதுபோல் தட்டினாள். நீலம் அசையவில்லை.

நிவேதா திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். "அன்னிக்கி ஒண்ணு தட்டி இருந்தா போயிருக்கும் இல்ல?"

வாசலில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ பாத்தியா?" என்றாள் வளர்மதி.

"உங்க கை மூலைக்குப் போறதப் பாத்தேன்."

"பாத்தவ ஏண்டி வாயத் தொறக்கல?"

"எங்களப் பாத்துதான் போட்டீங்கன்னு நெனச்சேன். அப்பா கூட்டத்துல அண்ணனப் பத்தி பேசினாரு இல்ல. அதுக்குத்தான்னு."

"அடிப்பாவி. பாட்டுச் சண்டையும் உன் படிப்பும் ஒண்ணாடி? பசிடி. நெத்திலிக் கொழம்பு வெச்சிருந்தேன். அவ்ளோதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எத்தனை அற்பமான காரணம் என்று அவளுக்கே உறைத்தது. பகை என்றிருந்தால்கூட அந்தப் பெண்ணின் ஒரு வருடத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

நிவேதா குடையின் பட்டனைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் போனே பண்ணலண்ணி. எடுக்கலன்னு அம்மாகிட்ட சும்மா சொன்னேன். பண்ணி, நீங்க எடுத்து, அப்பவும் இல்லன்னுட்டா இன்னா பண்றது. அதான்." பிறகு சொன்னாள்: "நானும்தான் கெடுத்துக்கினேன்."

"நீ இல்லடி" என்றாள் வளர்மதி.

மறுநாள் கடையைத் திறக்காமல் ஏலக் கூடத்துக்குப் போனாள். அங்காளம்மாள் ஓர் ஓரமாக உட்கார்ந்து நண்டுகளின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். வளர்மதி எதிரில் குந்தி உட்கார்ந்து, முரளி வந்ததிலிருந்து நெத்திலிக் குழம்பு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அங்காளம்மாள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப மிஷினுக்கு ஒண்ணும் ஆவல?"

"ஆவல அத்தே."

"நீயா வர வெச்சது?"

"ஆமா."

இன்னொரு நண்டை எடுத்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். "காத்துன்னு நெனச்சிதான்டி திரும்பினேன். ஆளுன்னு தெரிஞ்சிருந்தா அங்கயே உக்காந்திருப்பேன்."

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு வார்த்த திட்டு அத்தே."

"திட்டினா நீ போய் நல்லா சோறு துன்னுவ. போ. கடைல ஆளுங்க நிப்பாங்க."

அடுத்த ஜூனில் விண்ணப்பம் திறந்த முதல் நாளே வளர்மதி நிவேதாவுக்குப் போன் பண்ணினாள். நிவேதா எடுத்தாள். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. "வேணாண்ணி. இங்க ஒரு லைன் மொத்தமும் என்னப் பாத்துக்கச் சொல்லி இருக்காங்க. அப்பாவும் முன்ன மாரி வல இழுக்க முடியலன்றாரு. பாப்போம்." அந்தப் பாப்போமுக்கு என்ன அர்த்தம் என்று வளர்மதிக்குத் தெரியும். கடைசித் தேதி வரைக்கும் அவள் மேசையில் அந்தப் படிவம் கிடந்தது. பிறகு மற்றத் தாள்களோடு போய்விட்டது.

இப்போது மதியம் ஒரு மணிக்கு அவள் எல்லார் முன்னாலும் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். ஜமுனா இன்னும் பேசத்தான் செய்கிறாள். "போட்டோ புடிங்கப்பா, மருமவ துன்றா." வளர்மதி மென்றுகொண்டே, "உனக்கும் ஒரு வாய் வெக்கட்டா பெரியத்தே?" என்கிறாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. மூன்று வருடம் இதற்குப் போய்ப் பயந்தோமே என்று நினைத்தால்தான் சோறு தொண்டையில் நிற்கிறது.

போன மாதம் அங்காளம்மாள் ரேஷன் கார்டில் முகவரி திருத்த வந்தாள். கையில் நண்டுப் பை இல்லை. அந்த நவம்பருக்குப் பிறகு இல்லை. அவளுக்கு முன்னால் ஆறு பேர். வளர்மதி மூன்றாவது ஆளின் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி நின்றது. திரை கறுப்பு. பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அப்புறம் வரோம் என்று வெளியே போனார்கள்.

அங்காளம்மாள் மட்டும் மடியில் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கரண்ட் பூட்ச்சி அத்தே. டிரான்ஸ்ஃபார்மர் போலக்கீது. எப்ப வரும்னு தெரியாது."

"தெரிது" என்றாள் அங்காளம்மாள். "வரட்டும்."

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. அதுவரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. வளர்மதியும் எழுந்திருக்கவில்லை.